மல்லி குடிக்காத சீம்பால்

மகனே,

நலம் விசாரித்துத் தொடங்குகிற கடிதம் இல்லை இது. உன் பெண்டாட்டியின் கன்று செத்துப்போய்விட்டது. மார்கழிப் பனியில், விடியும் நேரத்தில், வாலெல்லாம் கழிச்சல் காய்ந்து ஒட்டியிருக்க, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே செத்தது. அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் போன் பண்ணுகிறாள். "மல்லி பால் குடிச்சுதா அத்தை?" என்கிறாள். "குடிச்சுதும்மா" என்கிறேன். மாட்டுப் பொங்கலுக்கு வரும்போது அதன் கழுத்தில் கட்ட ஒரு வெண்கல மணி வாங்கி வைத்திருக்கிறாளாம். போனிலேயே ஆட்டிக் காட்டினாள். நல்ல சத்தம். பொங்கலுக்குள் நீ அவளிடம் சொல்லிவிட வேண்டும். செத்ததையும் சொல்ல வேண்டும், ஏன் செத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். உறையை ஒட்டாமல் அனுப்புகிறேன். வழியில் யார் பிரித்துப் படித்தாலும் எனக்கொன்றும் நஷ்டமில்லை. வீட்டில் கன்று வைத்திருப்பவர்கள் என்றால் அவர்களுக்காவது பிரயோஜனப்படும். ஆனால் உன் ஆபீஸ் விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பி அவள் கையில் கிடைத்தால் நீ வாய் திறக்க வேண்டிய வேலை மிச்சமாகிவிடும். அந்தச் சௌகரியத்தை உனக்குத் தருவதாக இல்லை.

கல்யாணமான பிள்ளைக்குத் தாய் எழுதும் கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும் என்பார்கள். என்னிடம் இருக்கிற புத்தியெல்லாம் கன்றுக்குட்டியைப் பற்றியதுதான். அதிலும் உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. தெரியாமல் செய்திருந்தால் நாலு திட்டுத் திட்டி விட்டிருப்பேன், கடிதம் வரை வந்திருக்காது.

நீ மூன்றாம் வகுப்போ நாலாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்த மழைக்காலம் நினைவிருக்கிறதா? மதுராந்தகம் ஏரி ரொம்பி, மிஞ்சின தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து போய்க்கொண்டிருந்தது. நம் கொட்டகையில் தரை காயவே இல்லை. அப்போது இருந்த கறுப்பு மாட்டின் காளைக்கன்றுக்கு வெள்ளையாகக் கழிய ஆரம்பித்தது. உன் நைனாவுக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். கன்றின் வாய்க்குக் கூடு போட்டுக் கட்டினார். பால் கிடையாது, தண்ணீர் கிடையாது. "உள்ள போற தண்ணிதான பின்னால வருது? இன்னாத்துக்கு ஊத்தற? காஞ்சா தானா நிக்கும்" என்றார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். அந்தக் கன்று வாய்க்கூட்டோடு போய் ஈரச் சுவரில் மூஞ்சியைத் தேய்த்துக்கொண்டு நின்றது. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வீசிவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்திருப்பாய். கண் குழி விழுந்துபோய், தோலைக் கிள்ளினால் கிள்ளிய இடம் அப்படியே நின்றது. கழிச்சல் நின்றது, உன் நைனா சொன்னபடியே. கழிய உள்ளே ஒன்றும் இல்லாமல் நின்றது. மறுநாள் ஏரிக்கரைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த ஈரம் காயும் முன்னே உனக்கு வந்தது. வாந்தியும் பேதியும். உன் நைனா தண்ணீர்க் குடத்தை எடுத்து எட்டாத இடத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். நான் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். அந்த நர்ஸ் அம்மா என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. "புள்ள காஞ்சுகினு கீது, தண்ணி குடுக்காம தூக்கினு வர்றியே, நீ இன்னா தாயா?" என்று கேட்டுக்கொண்டே உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். சாயங்காலத்துக்குள் நீ எழுந்து உட்கார்ந்தாய். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "இத கன்னுக்கு ஏம்மா குடுக்கல?" நர்ஸ் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து உன் நைனாவிடம் அதையே நீ கேட்டாய். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டு எழுந்து போனார். அதற்கப்புறம் நம் வீட்டில் எந்தக் கன்றுக்கும் வாய்க்கூடு போட்டதில்லை. நான் பெருமையாக எல்லோரிடமும் சொல்வேன், என் மகன் கேட்ட கேள்வியில்தான் இந்த வீட்டுக் கன்றெல்லாம் பிழைத்தது என்று. இனிமேல் சொல்லமாட்டேன்.

உனக்குக் கை ராசி என்று ஊரே சொன்னது. பால் குடிக்க மறந்த கன்றுக்கு இரண்டு விரலைச் சப்பக் கொடுத்து, அப்படியே கையைச் சட்டிக்குள் இறக்கி, விரல் என்று நினைத்தே அது தண்ணீரை உறிஞ்சும்படி செய்வாய். காய்ச்சி ஆறின தண்ணீரில் உப்பு, வெல்லம், கொஞ்சம் ஆப்பசோடா. பாலோடு கலக்கக்கூடாது, பாலை நிறுத்தவும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை பால், நடுநடுவே இந்தத் தண்ணீர். பாட்டிலில் ஊற்றினால் தலையை ரொம்பத் தூக்காதே, மூச்சுக்குழாயில் போய்விடும். கழிகிற கன்றை மற்றதிலிருந்து பிரித்துக் கட்டு, அதைத் தொட்ட கையோடு இன்னொன்றைத் தொடாதே. அடியில் காய்ந்த வைக்கோல், மேலே சாக்கு. வாய்க்குள் விரல் விட்டுப் பார், உள்ளே சில்லென்று இருந்தால் உன்னால் ஆகாது, டாக்டரிடம் ஓடு. இதெல்லாம் எஸ்.எஸ்.எல்.சி. பரிட்சைக்கு முன்பே உனக்கு மனப்பாடம். இதையெல்லாம் விட முதல் பாடம் ஒன்று இருந்தது. மாட்டு டாக்டர் நம் கொட்டகையில் நின்று நம் இருவருக்கும் சேர்த்தே சொன்னார். பிறக்கிற கன்றுக்கு நோயைத் தாங்கும் சக்தி சொந்தமாகக் கிடையாது, தாய் அதைச் சீம்பாலில்தான் வைத்திருக்கிறாள், பிறந்த சில மணி நேரத்துக்குள் வயிற்றில் இறங்கினால்தான் குடல் அதை உள்ளே வாங்கும், அப்புறம் குடம் குடமாகக் கொடுத்தாலும் அது வெறும் பால்தான் என்றார். நஞ்சுக்கொடி விழும்வரை கன்றுக்குப் பால் விடக்கூடாது என்று ஊரில் சொல்கிறார்களே என்று நான்தான் கேட்டேன். "கன்னு முட்டிக் குடிச்சாத்தாம்மா கொடியே சீக்கிரம் விழும், தலைகீழா புட்ச்சிகினு கீறீங்க" என்றார். நீ அதைக் கேட்டுத் தலையாட்டினாய். அந்தத் தலையாட்டல் உனக்குப் பழக்கமாகிவிட்டது போல.

இனி அந்த விருந்து நாளுக்கு வருகிறேன். சம்பந்தி வீட்டார் உன் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வேடந்தாங்கலில் பறவை பார்த்துவிட்டு மதியம் நம் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு. நீ முந்தின நாளே தனியாக வந்துவிட்டாய். விடியற்காலையில் நம் செவலைப் பசு ஈன்றாள். கிடேரிக் கன்று. துடைத்து, தொப்புளில் அயோடின் வைத்து, வைக்கோலில் கிடத்தினேன். எழுந்திருக்கத் தடுமாறிக்கொண்டிருந்தது. எனக்கு மதுராந்தகம் போய்க் கறி வாங்கி வர வேண்டும், பஸ் வந்துவிடும். உன்னிடம் சொன்னேன்: "எழுந்ததும் மடில வுடு. குடிக்கலன்னா கறந்து பாட்டில்ல குடு. மத்த வேல எதுவும் வாணாம், இது ஒண்ணுதான்." "போம்மா, எனக்குத் தெரியாதா?" என்றாய். தெரியும். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

நான் திரும்பும்போது வாசலில் கார் நின்றது. பறவை பார்த்தது சீக்கிரம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. வீடெல்லாம் ஏலக்காய் வாசனை. குண்டான் நிறைய சீம்பால் வெல்லம் போட்டு வெந்துகொண்டிருந்தது. உன் மாமனார் கையில் கிண்ணம். நான் நேராகக் கொட்டகைக்குப் போனேன். கன்று மூலையில் கட்டியிருந்தது, சுருண்டு படுத்திருந்தது. "குடிச்சுதாடா?" என்றேன். "வயிறு முட்டக் குடிச்சுதும்மா. மிச்சத்தத்தான் கறந்தேன்" என்றாய். செவலைக்குக் கறவை அதிகம், மிச்சம் இருந்திருக்கும் என்று நம்பினேன். நீ சொன்னாய் என்று நம்பினேன். கையைக் கழுவிக்கொண்டு கறி அரிய உட்கார்ந்தேன். கன்றைப் பார்த்து உன் பெண்டாட்டி குழந்தை மாதிரி குதித்தாள். மஞ்சள் கயிறு ஒன்றை எடுத்து அதன் கழுத்தில் கட்டி, "இது உன்னுதும்மா, நான் என் மருமகளுக்குக் குடுக்கற சீரு" என்றேன். அங்கேயே மல்லி என்று பெயர் வைத்தாள். நெற்றியில் இருந்த வெள்ளைப் பொட்டைப் பார்த்து வைத்த பெயர். நீ பக்கத்தில்தான் நின்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ உன் மாமனாரை வழியனுப்பக் காருக்குப் போனாய். சாயங்காலம் நீங்கள் இருவரும் கிளம்பிப் போன பிறகு நானாக மடியில் விட்டேன். பாதி மனதாக இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு விட்டது. வயிறு நிறைந்த கன்று என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கழிய ஆரம்பித்தது. முதலில் மஞ்சளாக, அப்புறம் தண்ணீராக, கொட்டகைக்குள் நுழையும் முன்னே நாற்றம் வந்தது. பிரித்துக் கட்டினேன், சாக்குப் போர்த்தினேன், உப்புத் தண்ணீர் கரைத்து உன்னை மாதிரியே விரலைக் கொடுத்துக் குடிக்க வைத்தேன். என் விரலுக்கு அந்த ராசி இல்லை. உனக்குப் போன் பண்ணினேன். "டாக்டரக் கூப்டும்மா, எவ்ளோ ஆனாலும் நான் தரேன்" என்றாய். பெரிய மனுஷன் பேச்சு. நான் இன்னொரு தடவை கேட்டேன்: "அன்னிக்கு நல்லா குடிச்சுதில்ல?" நீ, "பக்கத்துல நானேதானம்மா நின்னேன்" என்றாய். முதல் நாள் சொன்ன பொய்யை நான் மன்னித்திருப்பேன். விருந்தாளிகள் எதிரில் நாக்குக் குளறிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருப்பேன். இந்தப் பொய்யைச் சொல்லும்போது உன் எதிரில் யாரும் இல்லை. கன்று கழிகிறது என்று தெரிந்தே சொன்னாய்.

டாக்டர் வந்தார். குளுக்கோஸ் ஏற்றினார். அவர் கேட்ட முதல் கேள்வியும் அதுவேதான்: "சீம்பால் குடிச்சுதாம்மா?" நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன், "வயிறு ரொம்ப. என் புள்ள பக்கத்துல இருந்து குடுத்தான் சார்." அவர் அதை வைத்துத்தான் மருந்து கொடுத்தார், தாங்கிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அது தலையைத் தூக்கவில்லை. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உன் பெண்டாட்டி போன் பண்ணினாள். பாவம், சந்தோஷமாகப் பேசினாள். "அத்தை, அப்பா இன்னும் அந்த சீம்பாலையே பேசிட்டிருக்கார். சீம்பால் கிடைக்குமா மாப்பிள்ளைன்னு அப்பா கேட்டதும் இவர் உடனே உக்காந்து மொத்தத்தையும் கறந்துட்டார் தெரியுமா? கன்னுக்கு வேணாமான்னு நான்தான் கேட்டேன். கொடி விழுற வரைக்கும் கன்னுக்குக் குடுக்கக் கூடாதுன்னு அப்பா சொன்னார். இவரும் ஆமான்னார். மல்லி அப்புறம் நல்லா குடிச்சுதா அத்தை?" என் மடியில் கன்றின் தலை இருந்தது. "குடிச்சுதும்மா" என்றேன். அன்றைக்கு ஆரம்பித்த வார்த்தைதான், இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டாக்டரை மறுபடி கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். "தெரிஞ்சிருந்தா முதல்லியே தாய் ரத்தத்த எடுத்து ஏத்திப் பாத்திருக்கலாம்மா. பொழச்சிருக்கும்னு சொல்ல மாட்டேன், ஒரு வழி இருந்துது" என்றார். அந்த ஒரு வழியை அடைத்தது கழிச்சல் இல்லை.

உன் மாமனாரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் தெரியாமல் கேட்டார். மாடு வைத்திருக்கிற வீட்டில் சீம்பால் கேட்பது பாவமா? "கன்னு குடிச்சதும் கறந்து தரேன் மாமா, ஒரு மணி நேரம் ஆகும்" என்று சொன்னால் அவர் என்ன உன்னைக் கொன்றுவிடுவாரா? மாப்பிள்ளை முறுக்கு என்று ஊரில் ஒன்று உண்டு. உனக்கு அதில் ஒரு சுற்றுக்கூட இல்லை. கிராமத்தான் என்று நினைத்துவிடுவாரோ, எதிர்த்துப் பேசுகிறான் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்து, கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்துவிட்டாய். அந்தத் தேங்காய் உன் பெண்டாட்டியுடையது. அவள் கன்றின் உயிரை வேகவைத்து அவள் அப்பாவுக்கே கிண்ணத்தில் கொடுத்தாய். ருசியாக இருந்தது என்று அவர் சொல்கிறார். நானும் ஒரு துண்டு தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

பெற்றவள் இந்த இடத்தில் தன் தப்பையும் சொல்லி, மகனே, நானும் உன்னைத் தனியே விட்டுப் போயிருக்கக் கூடாது என்று அழ வேண்டும் என்று எதிர்பார்ப்பாய். அழமாட்டேன். கறி வாங்கப் போனது தப்பில்லை. உன்னை நம்பியதும் தப்பில்லை. நம்பக்கூடியவனாகத்தான் உன்னை வளர்த்தேன். ஒரு தண்ணீர்க் குடத்தை உயரத்தில் வைத்ததற்காக உன் நைனாவைச் சாகும்வரை நான் குத்திக்காட்டினேன். அவர் தெரியாதவர். நான் அவருக்குச் செய்த அநியாயம் உன்னால்தான் இப்போது தெரிகிறது.

செவலை இரண்டு நாள் கத்தினாள். மடி கட்டிக்கொண்டது, கறக்க விடவில்லை, பால் சொசைட்டிக்கு ஊற்ற ஒரு சொட்டு இல்லை. பால்காரர் சொன்னபடி மல்லியின் தோலை உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, உள்ளே வைக்கோல் அடைத்து, நாலு குச்சியைக் காலாக வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். நெற்றிப் பொட்டு அப்படியே இருக்கிறது. மஞ்சள் கயிறும் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தினால் செவலை நக்குகிறாள், நக்கிக்கொண்டே பாலை இறக்குகிறாள். மாட்டை ஏமாற்றுவது சுலபம். தினம் சாயங்காலம் போனில் உன் பெண்டாட்டிக்கும் நான் இதே வைக்கோல் கன்றைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறேன். அவளும் நக்கிக்கொண்டிருக்கிறாள். எனக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. இதை எனக்குக் கொடுத்தவன் நீ.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் நாளிலிருந்து அவள் போனை நான் எடுக்கமாட்டேன். அடிக்கட்டும். "அத்தை ஏன் எடுக்கல?" என்று உன்னைத்தான் கேட்பாள். அப்போது சொல்லிவிடு. சுற்றி வளைக்காதே. அம்மா சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று ஆரம்பிக்காதே, பனி என்று ஆரம்பிக்காதே. "குடிக்க விடாமல் கறந்தேன், குடித்தது என்று சொன்னேன்" என்று ஆரம்பி. கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனால் போகட்டும், உன் மேல் கோபப்பட அவளுக்கு நியாயம் இருக்கிறது. நாளைக்கு உங்களுக்கும் ஒரு குழந்தை பிறக்கும். அது பால் குடித்ததா என்று அவள் கேட்பாள், நீ குடித்தது என்பாய். அந்த வார்த்தையை அவள் நம்பலாமா கூடாதா என்று இப்போதே அவளுக்குத் தெரிந்துவிடுவது நல்லது.

சொல்ல வாய் வரவில்லை என்றால் சொல்லாதே. மாட்டுப் பொங்கலன்று அவளை மணியோடு கூட்டிக்கொண்டு வா. வழக்கம்போல மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் பூசி, பொங்கல் வைத்து, எல்லாம் தயாராக இருக்கும். கொட்டகைக்கு அவளை நான்தான் அழைத்துப் போவேன். நீயும் பக்கத்தில் வந்து நில். மணி எந்தக் கழுத்துக்கு என்று அவள் கேட்பாள். நீ காட்டு.

அம்மா